அது என் கையெழுத்துதான்

அன்பு மகனுக்கு,

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதனால் சுகம். உன் இருமல் நின்றதா? ஆறு பேர் படுக்கிற அந்த அறையில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்ததா? மறக்காமல் எழுது.

அப்பா போனில் சொல்லியிருப்பார். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் உனக்கு வேலை. புகார் வாங்குகிற மேசை, நிரந்தர வேலை. மாதம் பிறந்ததும் வந்து சேர வேண்டுமாம். "உங்கம்மாவுக்கும் ரொம்ப சந்தோஷம்டா" என்று அவர் உன்னிடம் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. போனை என் கையில் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அழுதிருப்பேன். எழுதினால் கைக்கு வேலை இருக்கும், அழுகை கொஞ்சம் தள்ளி நிற்கும்.

தேர்தல் என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். நான் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மாவின் சின்னவள் காமாலையில் படுத்தாளே, அன்றிலிருந்து காலையில் குழாயில் வரும் முதல் தண்ணீரைத் தினம் ஒரு பாட்டிலில் பிடித்துச் சமையலறை ஜன்னலில் வைத்து வந்தேன். சில நாள் டீ நிறம், சில நாள் அதைவிட மோசம். நல்ல தண்ணீர்க் குழாயில் எங்கோ சாக்கடை சேர்கிறது. அந்தப் பாட்டில்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு நம் வார்டு உறுப்பினரிடம் போனேன். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பாரே, அதே ஆகட்டும்தான். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆகட்டும்மா, பாக்கலாம். அதுவரைக்கும் தெளிய வெச்சுக் குடிங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் தெருப் பெண்கள் நம் வீட்டில் வந்து உட்கார்ந்தது. "நீங்க நில்லுங்கக்கா. மளிகைக்காரரே உங்களப் பாத்தா தராசத் தொடச்சு வெக்கிறாரு. இவரு எம்மாத்திரம்?" என்றாள் இஸ்திரிக்காரம்மா. நீயும் போனில், "நில்லும்மா, உன்னை யாராலயும் ஏமாத்த முடியாது" என்றாய். வேட்பு மனுவில் அப்பாதான் என்னை முன்மொழிந்தார். வாளிச் சின்னம் கேட்டிருந்தேன். எல்லார் வாசலிலும் வாளி இருக்கிறது, தனியாக விளம்பரம் எதற்கு என்று பேசிச் சிரித்தோம்.

சின்னம் கொடுக்கிற அன்று நானும் இஸ்திரிக்காரம்மாவும்தான் தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் நம் வார்டுக்கு நேராக ஒரே ஒரு பெயர். நம் வார்டு உறுப்பினர் 'ஆகட்டும்' பெயர். என் பெயர் கீழே எங்காவது இருக்கும் என்று அவள் விரலை வைத்துத் தேடினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

உள்ளே இருந்த அதிகாரி உன்னைவிடக் கொஞ்சம் மூத்த பையன். ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தான். என் சொந்த விருப்பத்தில் போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. முன்மொழிந்தவரே கொண்டுவந்து கொடுத்தாராம், அது போதுமாம்.

அந்தத் தாளை எனக்கு நினைவிருந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அப்பா வந்து, "இந்தா, இதுல ஒண்ணு போடு, ஆபீஸ்ல கேக்கறாங்க" என்றார். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, அவர் விரல் காட்டிய இடத்தில் போட்டேன். பால்காரர் கணக்கை மூன்று தரம் பார்க்கிறவள்தான் நான். உன் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியதிலிருந்து, பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூடப் படிக்காமல் தூக்கி எறிந்ததில்லை. ஆனால் அப்பா நீட்டுகிற தாளை மட்டும் படித்ததில்லை. கல்யாணமான புதிதில் எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் கொடுப்பதைப் படித்துப் பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று நினைத்தேன்.

அந்தப் பையனுக்கு என் முகத்தைப் பார்த்ததும் ஏதோ புரிந்துவிட்டது. "உங்க கையெழுத்து இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, இப்பவே நிறுத்தி வெக்கறேன்" என்றான். இஸ்திரிக்காரம்மா என் முழங்கையை இடித்தாள். "இல்லன்னு சொல்லுக்கா."

ஒரு வார்த்தைதான். சொன்னால் நான் வேட்பாளர், அப்பா கள்ளக் கையெழுத்துப் போட்டவர். அதுகூட அப்புறம்தான் தோன்றியது. அன்று காலையில் பிரார்த்தனையில், என் நாக்கில் பொய் வராமல் காப்பாற்று என்று வேண்டிவிட்டுத்தான் கிளம்பினேன். ஓட்டுக் கேட்கும்போது செய்ய முடியாததைச் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டியது. கடவுள் அதை வேறு இடத்தில் வைத்து நிறைவேற்றிக்கொண்டார்.

"அது என் கையெழுத்துதான்" என்றேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டீர்களா என்று கேட்டான். வீட்டுக்காரர் கொடுத்தார் என்றேன். அவன் தாளைத் திரும்பக் கோப்பில் வைத்தான்.

திரும்பி வரும்போது இஸ்திரிக்காரம்மா என்னோடு சேராமல் தெருவின் எதிர்ப் பக்கமாக நடந்தாள்.

அன்று சாயங்காலமே ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாக வந்தது. ஒரு ஓட்டும் விழாமலே, வாக்களித்த பெருமக்களுக்கு ஆகட்டும் நன்றி சொன்னார். உன் வேலை விஷயம் எனக்குத் தெரிவதற்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நான் குழாயடியில் நின்றபோது இஸ்திரிக்காரம்மாதான் சொன்னாள். "உங்க பையனுக்கு வேலை வந்துட்டா எங்க வீட்டுக் குழாய்ல நல்ல தண்ணி வந்துடுமாக்கா?" அவள் சின்னவள் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அப்பாவின் சட்டைகள் தேய்க்காமலே திரும்பி வருகின்றன. கரி இல்லையாம். அவர் கசங்கிய சட்டையோடுதான் வேலைக்குப் போகிறார். நானும் தேய்த்துக் கொடுக்கவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். கோபப்படவில்லை, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். "நீ ஜெயிச்சு குழாய மாத்துவியோ மாட்டியோ. நீ விலகினா பையனுக்கு வேலைன்னு கண்ணு முன்னால நீட்டினாங்க. ஆறு பேரோட ஒரு ரூம்ல கிடந்து இருமறான். நீ அம்மாதானே?" என்றார். என்னிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "கேட்டிருந்தா போட்டிருப்பியா?" என்றார்.

போட்டிருந்தாலும் போட்டிருப்பேன், கண்ணா. உன் இருமலை நினைத்துக்கொண்டு, அழுதுகொண்டே போட்டிருப்பேனோ என்னவோ. போட்டேனா, கிழித்தேனா என்று தெரிந்துகொள்வதற்குக்கூட அவர் எனக்கு இடம் விடவில்லை. ஆறாமல் கிடப்பது அதுதான்.

அவர்மேல் உனக்குக் கோபம் வர வேண்டாம். உனக்காகத்தான் செய்தார். அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், யாரும் கேட்காதபோதும்.

வா என்றும் எழுத மாட்டேன், வராதே என்றும் எழுத மாட்டேன். உனக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடக் கூடாது. உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன், வந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தருவேன்.

பாட்டில்கள் இன்னும் ஜன்னலில் இருக்கின்றன. நீ அந்த மேசையில் உட்கார்ந்தால், முதல் நாளே அவற்றோடு வருவேன். இஸ்திரிக்காரம்மா வந்திருந்தால் அவளுக்குப் பின்னால் நிற்பேன். என்னைப் பார்த்து எழுந்திருக்காதே, முன்னால் கூப்பிடாதே. என் முறை வந்ததும் எல்லோரையும் கேட்கிற மாதிரியே என்னையும் என்ன புகார் என்று கேள். எழுதியதை என் பக்கம் திருப்பி வை. படித்துவிட்டுத்தான் போடுவேன்.

பொய் சொல்லத் தேவையில்லாத இடத்தில் கடவுள் உன்னை உட்கார வைக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. வெந்நீர் குடி.

ஆசியுடன்,
உன் அம்மா