சரசாளுக்குச் சொன்ன பதில்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

நாளைக் காலையில் தங்கச்சி சரசாளுக்கு இருதய ஆபரேஷன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கண்ணா, சூரியன் கொஞ்சம் கிட்ட வந்தா வெந்துபோவோம், தள்ளிப்போனா வெறைச்சுப்போவோம்னு டிவில சொன்னாங்க. நாம பொழைக்கறதுக்குன்னே ஆரோ அளந்து வெச்சாப்பல இருக்குதுங்க. அவரு என்னையக் கைவிடுவாருங்களா?” என்றாள்.

கைவிட மாட்டார் என்று சொல்லியிருந்தால் போதும். பாதி ஆயுசைக் கோழிப்பண்ணையில் கழித்தவனுக்கு வாய் நிற்கவில்லை.

“நானுந்தான் குஞ்சு வாரதுக்கு முன்னயே உமி பரப்பி, பல்பு போட்டு, சூடு பாத்து, தண்ணி வெப்பேன் அம்மணி. அதுகளும் இப்படித்தான் நெனைச்சிருக்கும்” என்று சிரித்துப்போட்டேன்.

வளர்ந்ததும் கறிக்கு ஏற்றிவிடுவோம் என்பது அவளுக்கும் தெரியும்.

“அப்ப லாரி எப்பங்கண்ணா வரும்?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அளந்து வைத்த ஒருவன் இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு அவளுக்கு அவன் வேண்டியிருந்தான். நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மழை ராத்திரி கரண்ட் போனபோது, நடுங்கிய குஞ்சு ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் கையில் இருக்கிறது. அதுவும் உண்மைதானே, அதைச் சொல்லியிருக்கலாம். முதல் பஸ்ஸுக்குப் போனால், அவளை உள்ளே கொண்டுபோவதற்குள் சொல்லிவிடலாம்.

அந்தக் குஞ்சு பிறகு என்ன ஆனது என்று மட்டும் அவள் கேட்காமல் இருக்க வேண்டும்.