எயார் பம்பை நிறுத்தியது நான்தான்

அன்பு மகள் ஹிமாயாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் வாப்பா சுகமாயிருக்கிறேன், லண்டன் குளிரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆக் கேட்கிறேன். பக்கத்து வீட்டு முர்ஷித் ஞாயிற்றுக்கிழமை அங்கே புறப்படுகிறான், உனக்கு எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவருகிறான், அதோடு இந்தக் கடிதமும். வெள்ளிக்கு வெள்ளி போனில் கதைக்கிற மனிசனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை மகள். நீ விட்டுப்போன ஏழு பொன்மீன்களில் ஐந்து மௌத்தாகி, இரண்டுதான் உயிரோடு மிஞ்சியிருக்கின்றன. போன வெள்ளி தொட்டியைக் காட்டச் சொன்னாய், கரண்ட் இல்லை, இருட்டாயிருக்கிறது என்றேன். அது பொய், அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

நீ போனில் கோல் எடுக்கும்போதெல்லாம், அதென்ன வாப்பா இரைச்சல், ஒண்டும் விளங்குதில்லயே என்பாய். உன் பேச்சில் ஒரு சொல்லும் தவறக் கூடாதென்று, கோல் வந்ததும் தொட்டிக்குக் காற்று ஊதுகிற எயார் பம்பை நிறுத்துவேன், முடிந்ததும் போடுவேன். ஐந்து நிமிடத்தில் மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நான் பொய் சொன்னதற்கு முந்தின வெள்ளி, அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தாயே, உன் உம்மா மௌத்தாகி மூன்று வருடத்தில் நீ அவ்வளவு நேரம் கதைத்ததே இல்லை. ஒன்றேகால் மணித்தியாலம். கத்தரிக்காய்ப் பால்கறி எப்படி வைப்பதென்று என்னிடம் கேட்டாய், சிரித்தாய், உம்மாவை நினைத்து அழுதாய். அந்த நிறைவில் பம்பைப் போட மறந்து மஃரிப் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன், வந்து படுத்தும் விட்டேன். வீட்டில் சத்தமில்லை என்பதுகூடத் தெரியவில்லை, உன் பேச்சு காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விடிய சுபஹுக்குப் பிறகு பார்த்தால் ஐந்து மிதக்கின்றன, மற்ற இரண்டும் வாயை மேலே வைத்துத் திணறுகின்றன.

மீன் தொட்டிக் கடை மிஹ்லார் வந்து பார்த்து ஏசினான். இந்தச் சூட்டுக்குத் தண்ணிக்குள்ள காத்து குறைவு, இந்தச் சின்னத் தொட்டிக்குள்ள ஏழு மீன், பம்பை நிப்பாட்டினா எப்பிடி மூச்செடுக்கும் என்றான். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பது வருடம் வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டவன் தலைகுனிந்து நின்றேன். வடிகட்டி ஸ்பொஞ்சை நான் கிழமைக்கொருமுறை பைப் தண்ணீரில் பளிச்சென்று கழுவியதும் பிழையாம். குளோரின் தண்ணீர், அழுக்கைத் தின்கிற நல்ல கிருமியைக் கொன்றுவிடுமாம், தொட்டியில் அள்ளிய தண்ணீரிலேயே மெல்லப் பிழிய வேண்டுமாம். சுத்தம் ஈமானில் பாதியென்று நபிகள் சொன்னது எனக்குத் தெரியும், மீனுக்குத் தெரியாதே என்றேன். அவன் சிரிக்கவில்லை.

இதைக் கேட்டு நீ கோலைச் சுருக்கிவிடுவாயோ என்ற பயத்தில்தான் மறைத்தேன். நம் வழக்கப்படி உனக்குச் சீதனமாகக் கட்டிய வீடு இது, உம்மாவும் இல்லாமல் நான் ஒருவன் காவல் இருக்கிறேன். தனிமை பொல்லாதது மகள். பகல் முழுக்க அந்தப் பம்புச் சத்தம்தான் எனக்குத் துணை, உனக்காக மட்டும்தான் அதை நிறுத்தினேன். இப்போது மிஹ்லார் நீளக் குழாய் போட்டு, பம்பை உன் அறை அலுமாரிக்கு மேல், சத்தம் வராமல் துவாயை மடித்து அதன்மேல் வைத்துக் கதவையும் சாத்திவிட்டான். இனி நிறுத்தத் தேவையில்லை, எத்தனை மணித்தியாலம் கதைத்தாலும் மீதி இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது.

குளிருக்குக் காதை மூடிக்கொள், மருமகனுக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்வானாக. தொட்டி இருக்கிற ஹோலில் இப்போது சத்தமே இல்லை, நீ எடுத்தால் முதல் மணியிலேயே எனக்குக் கேட்கும்.

உன் வாப்பா,
நஜீம்
கல்முனை