கொப்பி ஓரத்துச் சோளகம்

என் அன்பு அம்மாவுக்கு,

நீங்கள் இல்லாத முதல் தவக்காலம் இது. சாம்பல் புதனன்று கோயிலால் வந்ததும், பழக்கதோஷத்தில் "அம்மா, பசாம் கொப்பி எங்க?" என்று கேட்டுவிட்டேன். குசினியில் யாரும் இல்லை.

கொப்பி எங்கே என்று எனக்குத் தெரியாதா? சண்டை நேரம் உடையார்கட்டு ஊரில் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடினோமே. அதற்குப் பிறகு உங்களுக்குக் கொப்பி தேவைப்படவில்லை. ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாமை முதலிலிருந்து கடைசி வரை மனப்பாடமாக, இராகம் இழுத்துப் படித்தீர்கள். முகாமிலும் படித்தீர்கள், திரும்பி வந்து இருந்த தகரக் கொட்டிலிலும் படித்தீர்கள். இப்போது கொப்பியும் இல்லை, நீங்களும் இல்லை.

அதனால் இந்த முறை பசாமை அச்சடிப்பதென்று கோயிலில் முடிவெடுத்தார்கள். பெண்கள் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லச் சொல்ல நான் கணினியில் அடித்தேன். ஒருத்தி சொல்வது மற்றவளுக்குச் சரிவராது. பேதுரு அழுகிற இடத்துக்கு மட்டும் மூன்று விதமான பாடல். உங்கள் சினேகிதி றெஜினா மாமி, தான் சொல்வதுதான் சரியென்று கோபித்துக்கொண்டு பாதியில் எழும்பிப் போய், பிறகு தானாகவே திரும்பி வந்தா. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

சரிபிழை பார்க்க, குருமடத்தில் படிக்கும் ஒரு பிரதரைச் சுவாமியார் அனுப்பினார். நல்ல பிள்ளை. நாங்கள் சண்டை பிடிப்பதைப் பார்த்துவிட்டு, வேதாகமம் வந்த வரலாற்றைச் சொன்னார். ஆண்டவர் தன் கையால் ஒரு புத்தகமும் எழுதி வைக்கவில்லையாம். கண்டவர்கள் சொன்னார்கள், கேட்டவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கண்டவர்கள் ஒவ்வொருவராகச் சாகத் தொடங்கிய காலத்தில்தான் சுவிசேஷங்களை எழுதினார்களாம். அந்த முதல் எழுத்தும் இன்று எங்கும் இல்லை. பார்த்து எழுதியதைப் பார்த்து எழுதியவைதான் மிஞ்சியிருக்கின்றன. எதை வேதம் என்று வைப்பது, எதை விடுவது என்று தீர்வதற்குச் சில நூற்றாண்டுகள் போயினவாம்.

"அப்ப அவையளும் எங்களை மாதிரித்தான் அடிபட்டிருக்கினம்," என்றா றெஜினா மாமி.

"ஓம் மாமி. நாலு பேர் எழுதினது நாலு மாதிரி. ஆனாலும் நாலையும் வச்சிருக்கிறம்," என்று பிரதர் சிரித்தார்.

பிறகு நான் அடித்த தாளை எடுத்து, பென்சிலால் ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டார். எந்த வரியென்று உங்களுக்குத் தெரியும். ஆண்டவரைக் கல்லறையில் வைத்த பிறகு மாதா தனித்திருந்து புலம்புகிற இடம்.

"சோளகம் எழும்பிட்டுது. அவர் இன்னும் வரேல்லை."

"எருசலேமில எங்கட சோளகக் காத்து எங்கால வந்தது?" என்று பிரதர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். "நாலு சுவிசேஷத்திலயும் இப்பிடி ஒண்டும் இல்லை. எடுத்துவிடுவம் என்ன?"

எடுக்கவேண்டாம் என்றேன். அந்த வரியின் பிறப்பைப் பார்த்தவள் நான்.

நான் அப்போது சின்னப் பிள்ளை. வைகாசி மாதம். அடுத்த தவக்காலத்துக்கென்று யாரிடமோ பசாம் கொப்பியை இரவல் வாங்கி, குசினி வாசலில் இருந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். விடியப் போன அப்பாவின் வள்ளம் மத்தியானம் கடந்தும் கரைக்கு வரவில்லை. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று, சோளகம், திடீரென்று எழும்பி ஓலையெல்லாம் அடித்தது. கடலில் ஆள் நிற்கும்போது வீட்டில் அழக்கூடாது, பயத்தை வாயால் சொல்லவும் கூடாது. அது எங்கள் கரையின் வழக்கம். கொப்பி ஓரத்தில் அந்த இரண்டு வசனத்தையும் சரித்து எழுதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பசாமைத் தொடர்ந்து எழுதினீர்கள்.

அப்பா அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. உடல் கரை ஒதுங்கவில்லை. அதனால் உங்கள் கணக்கில் அவர் இன்னும் கடலில்தான் நின்றார். அழவே இல்லை நீங்கள். எத்தனை வருடம் அம்மா! எப்படித் தாங்கினீர்கள்?

உங்கள் கொப்பியைப் பார்த்து மற்றப் பெண்கள் எழுதினார்கள். ஓரத்தில் கிடந்தது மாதாவின் வாய்க்குள் போய்விட்டது. யாரோ தெரியாமல் விட்ட பிழை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

கூடத்தில் எல்லோருக்கும் இதைச் சொன்னேன். பிரதர்தான் மெல்லப் பேசினார். வேதாகமத்திலும் இப்படி நடந்திருக்கிறதாம். குளத்துத் தண்ணீரை வானதூதர் வந்து கலக்குவார் என்று வருகிறதே, நீங்கள் சம்மனசு என்பீர்கள், அந்த வரி மிகப் பழைய பிரதிகளில் இல்லையாம்.

"வாசிச்ச ஆரோ விளக்கத்துக்கு ஓரத்தில எழுதினதை, பார்த்து எழுதின ஆள் பிழையா உள்ளுக்குச் சேர்த்திட்டார் எண்டுதான் படிச்சவை சொல்லுகினம்," என்றார்.

"இது பிழையாச் சேர்த்ததில்லை, பிரதர்," என்றா றெஜினா மாமி. "நான்தான் சேர்த்தனான். தெரிஞ்சுதான் சேர்த்தனான்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கொம்மாவின்ர கொப்பியை முதல் பார்த்து எழுதினது நான் பிள்ளை. ஓரத்தில கண்டனான். அந்த மனுசி ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. அழு எண்டு ஆர் சொன்னாலும், அவர் கடலில நிக்கிறார் எண்டுவா. மாதா அழுறமாதிரி எண்டாலும் அழட்டும் எண்டுதான் அதுக்குள்ள போட்டு, எல்லாரையும் படிக்க வச்சனான். பிறகு சண்டையில என்ர மகன் காணாமல் போனான். இப்ப அது எனக்கும் வேணும்."

அம்மா, உங்களுக்கு இது தெரியுமா? அந்த இடம் வரும்போதெல்லாம் முக்காட்டை முகத்துக்கு மேலே இழுத்துக்கொள்வீர்களே. பக்தி என்று நினைத்திருந்தேன். முக்காட்டுக்குள் என்ன நடந்தது? ஒரு தரம் விலக்கிப் பார்த்திருக்கலாம் நான்.

பிரதர் பிறகு சொன்னார்: விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை ஆண்டவர் மன்னிக்கிற பகுதியும் மிகப் பழைய பிரதிகளில் இல்லையாம். ஆனாலும் அதைத் தூக்கியெறிய ஒருவருக்கும் மனம் வராமல் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறார்களாம். பிரதர் அழிறப்பர் கேட்டு வாங்கி, தான் போட்ட வட்டத்தை அழித்தார். "இதையும் அடைப்புக்குறிக்குள்ள போடுங்கோ அக்கா," என்றார். போட்டுவிட்டேன். உங்கள் பெயரைப் போடவில்லை. நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்கள் செத்தவீட்டில் நானும் அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை, தேத்தண்ணி என்று ஓடித்திரிந்தேன். "தாயைப் போலத்தான் மகளும்," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பெரிய வெள்ளியன்று அந்த இடத்தை நீதான் படிக்கவேண்டும் என்று றெஜினா மாமி சொல்லிவிட்டா. படிப்பேன் அம்மா. குரல் உடைந்தாலும் நிறுத்தமாட்டேன். முக்காட்டையும் இழுக்கமாட்டேன்.

உங்கள் கடைக்குட்டி மகள்,
ஜெசிந்தா