மாமாவின் கண்ணும் என் மஞ்சள் துப்பட்டாவும்

நவம்பர் 3, திங்கள். தூறல்.
துணி காயவில்லை. பாப்பாவுக்குச் சளி பரவாயில்லை.
ஸ்டேஷனில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். ஸ்கூல் முடிந்து நான் வரும் ரயிலுக்கு மாமா (இவரோட அப்பா) தினமும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கோரமண்டல் ஸ்டேஷன் வருவார். கண்ணில் புரை. என் மஞ்சள் துப்பட்டாதான் அவருக்கு அடையாளம். இன்று வேறு யாரோ மஞ்சள் துப்பட்டா. அவள் கையில் பாப்பாவைக் கொடுத்துவிட்டார்! நான் பின்னாலிருந்து ஓடுகிறேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "தாத்தா, இது என் கொழந்த இல்ல." நல்லவள். இல்லாவிட்டால்?
நாளையிலிருந்து பாப்பா பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம். சொன்னேன். மாமா உடனே பாப்பாவின் பால் பாட்டிலை ஒரு பையில் எடுத்து வைத்தார். அதுதான் கஷ்டம்.

நவம்பர் 5
கண் டாக்டர். மாமாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் செய்யணுமாம். சிலிண்டர் பவரும் (கருவிழியின் வளைவு கோணலாம்) அதிகமாம். சாதா லென்ஸ் என்றால் தூரத்துக்குக் கண்ணாடி போடணும். கண்ணாடியா? பாப்பா இதுவரை மூன்று ஒடித்திருக்கிறாள். சிலிண்டரையும் சேர்த்துச் சரி செய்யும் லென்ஸ் இருக்கிறது, டோரிக் என்று பேர். அதையே வைக்கச் சொன்னோம். ஆனால் சரியான கோணத்தில் உட்கார வேண்டும், திரும்பிவிட்டால் பயன் குறையும். ஒரு வாரம் கவலைப்பட எனக்கு இது போதும்.
படிக்க மட்டும் கண்ணாடி. மாமா: "பேப்பர்ல இன்னா கீது படிக்க?"

நவம்பர் 11
ஆபரேஷன் ஆயிற்று. முதலில் உட்காரவைத்துக் கண்ணில் மையால் குறி போட்டார்களாம். படுத்தால் கண் லேசாகச் சுழலுமாம். மாமா மைன்ஸில், தோண்டும் முன் குறி போடும் சர்வே ஆளோடு வேலை செய்தவர். இவரிடம் பெருமையாக, "மார்க் போட்டுட்டுத்தான்டா கை வச்சாரு. வேலை தெரிஞ்ச ஆளு."
அந்தத் தைரியத்தில் பாதி எனக்கு வேண்டும்.

நவம்பர் 12
சொட்டு மருந்து 4 வேளை. தேய்க்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் கூடாது. பாரம் தூக்கக் கூடாது (பாப்பாவும் பாரம்தான்).
மத்தியானம் பாப்பா ஓடிப்போய்க் மாமாவின் கண்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடிமேல் ஒரு அடி. எனக்கு உயிரே இல்லை. லென்ஸ் திரும்பியிருந்தால்? மாமா: "ஒண்ணும் ஆவல. புள்ளைய திட்டாத." டாக்டருக்கு போன். நாளைக்கு வரச் சொன்னார்.

நவம்பர் 13
லென்ஸ் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு இம்மி நகரவில்லை. ஆஸ்பத்திரி பாத்ரூமில் போய் அழுதேன். கடவுளுக்கு நன்றி. அந்த டாக்டருக்கும்.

டிசம்பர் 1, திங்கள். நல்ல வெயில்.
இனி குழந்தையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் மாமா, "இன்னிக்கு பாப்பாவ நான் ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு வரட்டா?" சரி என்றேன். சாயங்காலம் ரயிலில் பயம் பிடித்துக்கொண்டது. கூட வேலை பார்க்கும் ஷோபா மிஸ்ஸிடம் என் மஞ்சள் துப்பட்டாவைக் கொடுத்து அவள் ஊதாவை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவளை முன்னால் இறங்கச் சொல்லிவிட்டு நான் கடைசிப் பெட்டியில்.
ஷோபா கை நீட்டினாள். "குடுங்க தாத்தா."
மாமா நிற்கவே இல்லை. அவளைத் தாண்டி நேராக என்னிடம். "இன்னாம்மா, பரீட்சையா?"
எனக்குத் தலை நிமிரவில்லை. "மன்னிச்சிடுங்க மாமா." பாப்பாவை வாங்கக் கை நீட்டினேன்.
"நானே தூக்கிக்கினு வரேன். நீ போய் உன் துப்பட்டாவ வாங்கிக்கோ."