நீலப் பென்சில் புள்ளி

ஆல்சீட்,

புயல் வருவதற்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, கடலைவிட்டுத் தள்ளி லாஃபயெட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன். படகைக் கால்வாயின் உள்பக்கம் கட்டிவிட்டு நீ வருவாய் என்று, உறைபெட்டியில் இருந்த இறாலையெல்லாம் கம்போ குழம்பாக வைத்திருக்கிறேன். கரண்ட் போவதற்குள் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பி வா. வெள்ளம் ஏறினால் கூரையை உடைக்கக் கோடாலி பரணில்தான் இருக்கிறது. அதைக் கீழே கொண்டுவராதே.

காலையில் என்ன கேட்டாய்? "படகப் புயலுக்குக் குடுத்துட்டு உன் பின்னாடி கார்ல வரச் சொல்றியா?" நானும் சும்மா இருக்கவில்லை. "அப்போ அதுகூடவே குடும்பம் நடத்து!" என்று கத்தினேன். நீ திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய்.

மளிகைக்கடையில் கொடுத்த புயல் வரைபடத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். புயல் வந்திருக்கும் இடத்தை ரேடியோ சொல்லச் சொல்லச் சிவப்புப் புள்ளி வைத்தேன். கடைசிப் புள்ளி நம் கரைக்கு நேராக நிற்கிறது.

சாவி வழக்கமான இடத்தில்.

ஒடீல்

பின்குறிப்பு: கால்வாய் ஓரம் இருக்கும் நீலப் புள்ளி புயல் இல்லை, நீ. புயல் எங்கே என்று ரேடியோ ஓயாமல் சொல்கிறது. நீ எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நானே குத்துமதிப்பாக வைத்தேன். பென்சில்தான். நீயே வந்து அழி.