பயத்த எங்க வெக்கிறது?

12 நவம்பர் 1974, செவ்வாய்

நந்தனம் ஆபீசில் இன்று புதுக் கம்ப்யூட்டருக்குப் பூஜை. சம்பளப் பிரிவு ஜானகி மாமிதான் அதற்குக் குங்குமம் வைத்தார். பியூன் முனுசாமி எலுமிச்சம்பழத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுக்கு 'ழ' வராது.

"இன்னா சார், இதுக்குச் சக்கரமே இல்லியே! பயத்த எங்க வெக்கிறது?"

எல்லோரும் சிரித்தோம். "என் மேஜைல வைப்பா. மெஷின் தடங்கலில்லாம ஓடணும்னு வேண்டிண்டிருக்கேன்" என்றார் மாமி.

நாளை நான் அதற்கு எழுதப்போகும் முதல் புரோகிராமே சம்பளப் பட்டியல்தான். அது ஓடிவிட்டால் மாமியின் பிரிவே தேவையில்லை என்று மேனேஜர் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். போகும்போது மாமி எனக்கும் குங்குமம் கொடுத்து, "நன்னாப் பண்ணுடா கொழந்தே" என்றார்.

இரவு வீட்டில் விளக்கை அணைத்துப் படுத்துப் பார்த்தேன். முனுசாமியின் குரல்தான் கேட்கிறது.

பயத்த எங்க வெக்கிறது?