கண் திறந்த படம்

ராயபுரம்
16-2-1954

சௌபாக்கியவதி குணசுந்தரிக்கு உன் நைனா கருணாகரன் எழுதிக்கொள்வது. அம்மா போன சேதி பட்டறைக்கு வந்தபோது மணி சரியாக மூன்று நாற்பது. எப்போது, எப்படி என்று நீ கேட்டிருந்தாய், அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். ஒரு கப்பல்காரருடைய பைனாகுலரைப் பிரித்து மேஜையில் பரப்பி வைத்திருந்தேன், உன் சித்தி வரலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து வாசலைப் பிடித்துக்கொண்டு “மாமா, அக்கா பூட்டா” என்றாள். நான் உடனே எழுந்திருக்கவில்லை குணா, கண்ணாடிகளைத் துணியில் சுற்றி, திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டு மூடி, கையைத் துடைத்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் எழுந்தேன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார், நான் தலையாட்டினேன். இந்த இடத்தில் இங்கு யாவரும் நலம் என்று எழுதவேண்டும். சாப்பிடுகிறேன், பட்டறைக்கு வந்து போகிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான் எழுத முடிகிறது. நீயும் மாப்பிள்ளை எத்திராஜும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்கவேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. பினாங்கிலிருந்து கப்பல் ஏறினாலும் அம்மாவைப் பார்த்திருக்க முடியாது, பச்சை உடம்போடு நீ புறப்படாமல் இருந்ததே சரி, அதை நினைத்து வருந்தாதே. சித்தி உனக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்கவேண்டாம். அவளையும் குற்றம் சொல்வதற்கில்லை, அம்மா பிறந்த குப்பத்தில் கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு முகம் காட்டாமல் மண் போடக்கூடாது என்பார்கள், அதனால்தான் நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டுப் படம் எடுத்து தபாலில் சேர்த்துவிட்டாள். அது வந்ததிலிருந்து அம்மாவை நினைத்தாலே மூக்கில் பஞ்சு வைத்த முகம்தான் வருகிறது, வேறு முகம் வரமாட்டேன் என்கிறது, பிள்ளையை மடியில் போட்டால் அதுதான் எதிரே நிற்கிறது, பாலும் சரியாகச் சுரக்கவில்லை என்று நீ எழுதியிருந்ததை நான் படித்தேன், திரும்பப் படிக்கத் தைரியம் வரவில்லை. கண் திறந்த அம்மா படம் ஒன்று, ஒன்றே ஒன்று அனுப்பு நைனா என்று கேட்டிருக்கிறாய். பெற்ற பெண் கேட்டது அது ஒன்றுதான். அதைத்தான் இத்தனை நாளாய்த் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கவில்லை. உன் கல்யாணப் படத்தில் அம்மா சமையல் பக்கம் திரும்பி யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறாள், கொண்டையும் ஒரு காதும்தான் விழுந்திருக்கிறது. ஊர் காமிராவெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன் வீட்டில் படம் இல்லையா என்று நீ கேட்கலாம், ஆனால் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். படத்தில் வெள்ளை விழுகிறது என்று யாராவது காமிரா கொண்டுவந்தால் அதைத் திருவொற்றியூர் வீட்டுக்கு எடுத்துப் போவேன், கொல்லையில் காலை வெயிலுக்கு எதிராகக் காமிராவை வைத்து, சுண்ணாம்புச் சுவரின் வெளிச்சம் முகத்தில் படுகிற இடத்தில் அம்மாவை நிறுத்தி ஒரு படம் எடுப்பேன். அவள் முகத்தில் குறை எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் காமிராவில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பேன். அவளும் அரிசி களைந்த கையோடு வந்து நின்று, “ஏன்யா, உன் பொட்டி ஓட்டையா கீதான்னு பாக்க என் மூஞ்சிதான் கெடச்சுதா, அந்த சாவித்ரி மூஞ்சியப் புடிக்கிறதுதானே” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். குறையோடு விழுந்த படத்தை மாதிரிக்கு என்று பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துக்கொள்வேன். சரி செய்த பிறகு அவளையே இன்னொரு தடவை நிறுத்தி, காமிராக்காரருடைய பிலிமிலேயே ஒன்று எடுத்து, பாருங்கள் சுத்தமாக இருக்கிறது என்று அவர்களிடமே கொடுத்துவிடுவேன். அம்மா எதையும் வாங்கிப் பார்த்ததில்லை, ஓட்டை அடைபட்டதா என்று மட்டும் கேட்பாள். ஆகையால் நல்ல படமெல்லாம் ஊரார் கையில் போய்விட்டது, குறைப் படம்தான் நம் வீட்டில் கிடக்கிறது.

அந்த ஊராரைத் தேடிப் போனேன். பினாங்குக் கப்பலில் பட்லராக இருக்கிற ஷாகுல் ஹமீது பாயிடம் முதலில் கேட்டேன். பாய் யோசித்துவிட்டு, “யாரோ ஒரு பொம்பள, இடுப்புல கைய வச்சிகினு சண்டைக்கு வர்ற மாதிரி நின்னுகினு இருந்துச்சே, அதுவா? ஊட்ல பாத்தா இது யாருடான்னு என்னைத் தொரத்துவாளேன்னு கிழிச்சுக் கடல்ல போட்டேனே கருணாகரா” என்றார். அது யார் என்று நான் சொன்னதும் தலையில் இருந்த குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ரயில்வேயில் கார்டாக இருந்த துரை குடும்பத்தோடு சீமைக்குப் போய்விட்டார். ஸ்டூடியோ சவரிநாதன் பெரிய காமிராவில் நான் எடுத்த கண்ணாடிப் பிளேட்டு நல்ல பிளேட்டு, முடி முடியாய்த் தெளிவாக விழுந்திருந்தது, அது இருக்கும் என்று நம்பித்தான் போனேன். அவன் பழைய பிளேட்டுகளையெல்லாம் வெந்நீரில் போட்டுச் சுரண்டி வெறும் கண்ணாடியாக்கி பிரேம் கடைக்கு விற்றுவிட்டிருக்கிறான், எல்லா ஸ்டூடியோவிலும் செய்கிறதுதான். இந்த ராயபுரத்தில் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் ஏதோ ஒரு சாமி படத்துக்கு முன்னால் அந்தக் கண்ணாடி இருக்கிறது.

சவரிநாதன் கெட்டவன் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கண்ணுதானே நைனா, இதுக்கா இப்டி பேஜாராவுறே, சாவுப் படத்தைக் குடு, பஞ்ச எடுத்துட்டு கண்ண வரஞ்சுடறேன், எத்தினி செத்தவங்களுக்கு நான் கண்ணத் தொறந்து வுட்ருக்கேன் தெரியுமா” என்றான். முப்பதாம் நாள் படையலுக்குச் சுவரில் படம் வேண்டும் என்று சித்தியும் சரி சொல்லிப் படத்தைக் கொடுத்துவிட்டாள், நான் தடுக்கவில்லை. நேற்று போய்ப் பார்த்தேன். நல்ல கண், பெரிய கண், கோயில் சிலைக்குத் திறந்த மாதிரி இருக்கிறது. பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரு செட்டியார் படத்திலும் அதே கண் இருந்தது. இது அவள் கண் இல்லை என்றேன். அப்போ அண்ணி கண்ணு எப்டி இருக்கும் சொல்லு, மாத்திடறேன் என்று பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை குணா. லென்சில் மயிரிழைக் கீறல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன், இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவளுடைய கண்ணை ஒருத்தனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகையால் பிஸ்கட் டின்னில் இருக்கிற குறைப் படங்களையே புதிதாகப் பிரிண்டு போட்டு உனக்கு அனுப்புகிறேன். சித்தி அவற்றைப் பார்த்து, அக்கா போகப்போறான்னு அப்பவே ஒளி வந்து காட்டியிருக்கு என்று கற்பூரம் ஏற்றப் போனாள், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன், உனக்கும் யாராவது அப்படி எழுதினால் நம்பாதே. அது ஒளியும் இல்லை, சகுனமும் இல்லை, எந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுதியிருக்கிறேன். வெள்ளை படத்தின் சட்டத்தைத் தாண்டி பிலிமின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தால் அது காமிராவுக்குள் களவாய்ப் புகுந்த வெளிச்சம், கதவு சரியாக மூடவில்லை, அல்லது முன்னால் மடிப்பு மடிப்பாய் இருக்குமே அந்தத் தோல் துருத்தியில் ஊசித் துளை இருக்கிறது. இருட்டறையில் உள்ளே சின்ன பல்பைப் போட்டால் துளை நட்சத்திரம் மாதிரி தெரியும், நீகூட சின்ன வயசில் எண்ணுவாய். வெள்ளை சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால், காமிராவைத் திருப்பினால் அதுவும் இடம் மாறினால், அது லென்சின் கோளாறு, வெயில் லென்சுக்குள் பட்டுச் சிதறுகிறது, உப்புக் காற்றில் பூஞ்சை பிடித்திருக்கும், அல்லது குழாயின் உள்ளே அடித்த கறுப்பு தேய்ந்து பித்தளை மின்னும். துருத்தி ஓட்டைப் படத்தில் அம்மாவின் இடது கண்ணும் நெற்றியும் சுத்தமாக இருக்கிறது, வலது பக்கம் முழுக்க வெந்துபோயிருக்கிறது. கதவு இடுக்குப் படத்தில் மேலே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை, வாயும் மோவாயும் நன்றாக இருக்கிறது, ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறாள். பூஞ்சைப் படத்தில் முழு முகமும் இருக்கிறது, ஆனால் கொசுவலைக்குப் பின்னால் இருக்கிற மாதிரி. வெள்ளையெல்லாம் அம்மா இல்லை, அதைக் கழித்துவிட்டுப் பார். நான் பார்த்துப் பார்த்து எனக்கு முடியவில்லை, படத்தைக் கையில் எடுத்தால் என் கண் நேராக ஓட்டைக்குப் போய்விடுகிறது, பக்கத்தில் இருக்கிற முகத்துக்குத் திருப்பினால் நிற்கமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் பழகின கண், நான் சொன்னால் கேட்கவில்லை.

இங்கே வேறு சேதி பெரிதாக ஒன்றுமில்லை. வலையில் ஒரு வாரமாக மீன் படவில்லை, கோழிகளைச் சித்தி தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். குப்பத்துப் பெரியவர்கள் எனக்கு நாற்பத்திரண்டெல்லாம் ஒரு வயசா என்று இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள், சித்திதான் சண்டை போட்டு அனுப்பினாள். பால் சுரக்க பால்சுறா புட்டு செய்து சாப்பிடச் சொல்கிறாள், அந்த ஊரில் பால்சுறா கிடைக்காவிட்டால் பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடி, பச்சைத் தண்ணீரில் கை நனைக்காதே. இதெல்லாம் அம்மா எழுதவேண்டியது.

கடைசியாக ஒரு படம் தனிக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். ஜெர்மன் சண்டை தொடங்கின வருஷம் எடுத்தது, ஒரு பெட்டிக் காமிரா, பிலிம் எண்ணைப் பார்க்கப் பின்னால் சின்ன சிவப்பு ஜன்னல் இருக்கும், அதன் சிவப்பு வெளுத்துப்போய் வெளிச்சம் உள்ளே வந்திருக்கிறது. வட்டமாக, சரியாக அம்மா முகத்தின் மேலேயே விழுந்திருக்கிறது, மூக்குகூடத் தெரியாது. அதை அனுப்பவேண்டாம் என்றுதான் ஒதுக்கினேன். அப்புறம் பார்த்தால் பக்கத்தில் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிறாய், ஐந்தாறு வயசு, நீ சுத்தமாக விழுந்திருக்கிறாய். நீ காமிராவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். வட்டம் பிலிமில்தான் விழுந்தது குணா, கொல்லையில் விழவில்லை. பிலிமில் விழாத முகத்தை நீ பார்த்திருக்கிறாய், எவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அந்தச் சாவுப் படத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு இதை எடுத்து எதிரே வைத்துக்கொள். என்ன பார்த்துச் சிரித்தாய் என்று நினைவு வந்தால் நைனாவுக்கு எழுது. அவள் கண் எப்படி இருந்தது என்று எழுது. நான் கேட்கிறேன் என்று நினைக்காதே, சவரிநாதனுக்குச் சொல்லவேண்டும்.

பொட்டலத்தை ஷாகுல் ஹமீது பாய் தன் கையாலேயே உன்னிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், மாப்பிள்ளையைத் துறைமுகத்துக்கு அனுப்பி வை, பாய்க்கு ஒரு வேளை சோறு போடு. படங்களைச் சுவரில் ஒட்டாதே, உங்கள் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், தகர டப்பாவில் கொஞ்சம் வறுத்த அரிசி போட்டு வை. நீயும் எத்திராஜும் குழந்தையும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். குழந்தைக்கு அம்மா பெயரை வைப்பதானால் வையுங்கள், வைக்காவிட்டாலும் சரி. சவரிநாதன் காலையிலிருந்து பட்டறைக்கு டெலிபோன் செய்துகொண்டே இருக்கிறான், படம் முடிந்துவிட்டதாம், கொண்டுவரட்டுமா என்கிறான். நீ எழுதுகிற வரைக்கும் அவன் அதைக் கொண்டுவர வேண்டாம். மணி அடிக்காமல் இருக்க ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா
கருணாகரன்